பொருந்தாது என்று நான் எழுதிய ஒரு வரி

இருபத்தொன்பது வருடம் அந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், பயந்துகொண்டிருந்தேன் என்பதுதான் சரியான பதில். எங்கள் பிரிவின் வேலையே அதுதான். ஒரு கருவி கடைக்குப் போவதற்கு முன்னால் அது யாரை, எப்படி அடிக்கும் என்று யோசித்துப் பயப்பட வேண்டும். பயந்து முடித்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும்.

போன மாதம் சோதனைப் பிரிவுக்காரர்கள் என்னை அழைத்து, புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். விதிகளை எழுத நான் தேவையில்லை. உலகம் முழுவதற்குமான விதிகள் தடித் தடிப் புத்தகங்களாக அங்கே அலமாரியில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தில் ஒரு வரியை எனக்குச் சாதகமாகப் படித்ததையும் அதனால் ஒரு மனிதருக்கு நேர்ந்ததையும் எழுதுகிறேன். அவர்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் பூதலூர். திருச்சியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தேன். கல்யாணம், ஒரு குழந்தை என்று நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, தஞ்சாவூருக்கு வெளியே புறவழிச்சாலை ஓரத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். காலைப் பாசஞ்சரில் போய் மாலைப் பாசஞ்சரில் திரும்புவேன். முதலில் ஸ்டெபிலைசர் செய்தார்கள். பிறகு இன்வெர்ட்டர். அதற்கும் பிறகு, போன் போட்டால் வயலில் மோட்டார் ஓடும் பெட்டி. அந்தப் பெட்டிதான் எங்களை வெளிநாட்டு ஏற்றுமதி வரைக்கும் கொண்டுபோனது.

சோதனைப் பிரிவின் தலைவர் ஜமால் சார். அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பதினைந்து வருடம் மின் ஆய்வாளராக இருந்துவிட்டுத் திரும்பியவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர் மின்னழுத்தச் சோதனை செய்யும்போது இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டுதான் மேசையருகே போவார். இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும், ஒரு கையென்றால் பிழைக்க வழி இருக்கிறது என்பது அவர் கணக்கு. டீ குடிக்கும்போதுகூட அந்த இடது கை தானாகப் பைக்குள் போய்விடும்.

நான் சேர்ந்த அன்று என் கழுத்தைப் பார்த்தார். உடனே பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மேசையருகே உலோகம் ஆகாது என்று சுவரைப் பார்த்தே சொன்னார். வளையல், மோதிரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவருக்குத் தாலிச் சங்கிலி என்று சொல்ல வாய் வரவில்லை. நானே புரிந்துகொண்டு மறுநாள் மஞ்சள் கயிற்றுக்கு மாறி, தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனேன். சங்கிலி எங்கே என்று மாமியார் ஒரு வாரம் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார்.

ஒவ்வொரு புதுக் கருவி மேசைக்கு வரும்போதும் ஜமால் சார் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“இது ஒரு ஆளைக் கொல்லணும்னா எப்படிங்க கொல்லும்?”

பதிலைச் சோதனை நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். ஈரக் கையோடு தொட்டால், எர்த் ஒயர் அறுந்திருந்தால், குழந்தை ஓட்டைக்குள் விரலை விட்டால் என்று எழுதுவோம். விரலுக்கென்றே எங்களிடம் ஓர் உலோக விரல் உண்டு. மனித விரலைப் போலவே இரண்டு இடத்தில் மடங்கும். கருவியின் ஒவ்வொரு சந்திலும் அதை நுழைத்துப் பார்ப்போம். அது மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட்டுவிட்டால் கருவி தோற்றது. அடுத்தது உயர் மின்னழுத்தம். சுற்றிக் கயிறு கட்டி, ரப்பர் விரிப்பில் நின்று, சிவப்பு விளக்கு எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு நிமிடம் அறையில் யாரும் பேச மாட்டோம்.

இதெல்லாம் பாதுகாப்புச் சோதனை. மின்காந்தச் சோதனை வேறு. ஒரு கருவி பக்கத்துக் கருவியைத் தொந்தரவு செய்யக் கூடாது. பக்கத்துக் கருவியின் தொந்தரவால் தானும் தடுமாறக் கூடாது. சுருக்கமாக அவ்வளவுதான். இதில் பெரிய சோதனைகளுக்கு வெளியூர்க் கூடத்துக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போவோம். சுவர் முழுக்கக் கூம்பு கூம்பாகப் பஞ்சு ஒட்டிய அறை அது. கதவைச் சாத்தினால் நம் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். முதல் தடவை நான் கதவைத் தட்டி வெளியே வந்துவிட்டேன்.

மோட்டார்ப் பெட்டி வந்த வருடம் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அதில் மூன்று வசதிகள். போன் செய்தால் மோட்டார் ஓடும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இரண்டு நிமிடம் பொறுத்து மோட்டார் தானாக ஓடும். மூன்றாவது, ஓர் ஒயரின் முனையைத் தொட்டியிலோ வயலிலோ வைத்துவிட்டால், தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியதும் மோட்டார் நிற்கும்.

அந்த ஒயர்தான் விஷயம். பக்கத்தில் வேறொரு மோட்டாரை நிறுத்தும்போது அதன் ஸ்டார்ட்டருக்குள் பொறி பறக்கும். அந்தப் பொறியின் அதிர்ச்சி அருகில் ஓடும் ஒயர்களில் தொற்றிக்கொள்ளும். அதைப் பொய்யாக உண்டாக்கி ஒயருக்குள் செலுத்திப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஆனால் விதிப் புத்தகத்தில் ஒரு சலுகையும் இருக்கிறது. தயாரிப்பாளர் கையேட்டில் ஒயர் மூன்று மீட்டருக்கு மேல் போகாது என்று சொல்லியிருந்தால், அந்த ஒயருக்கு அந்தச் சோதனை வேண்டாம். படிவத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதிவிடலாம்.

முதல் மாதிரியில் அந்தச் சோதனையைச் செய்தபோது பெட்டி இரண்டு தடவை தடுமாறியது. ஏற்றுமதிக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஜமால் சார் கண் அறுவை சிகிச்சைக்கு விடுப்பில் போயிருந்தார். உற்பத்தி மேனேஜர் சந்தானம் என் மேசைக்கு வந்தார். கெட்டவர் இல்லை, நாற்பது பேருக்கு வேலை இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிறவர். கையேட்டில் மூன்று மீட்டர் என்று அச்சிட்டுவிட்டதாகச் சொல்லி, புதுத் தாளை என் முன்னால் வைத்தார்.

“விதிப்படிதானே கேக்குறேன் வசந்தா. இல்லாததையா எழுதச் சொல்றேன்?”

இல்லாததை எழுதச் சொல்லவில்லைதான். ஆனால் நான் பூதலூர்க்காரி. எந்தப் பம்பு செட்டிலிருந்து எந்த வயல் மூன்று மீட்டரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கடைசிக் கொல்லை வரைக்கும் ஒயர் இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ‘பொருந்தாது’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஜமால் சார் திரும்பி வந்து அறிக்கையைப் படித்தார். அவர் விரல் அந்த வரியில் நின்றது. வயலிலும் மூன்று மீட்டர்தானா என்று கேட்டார். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது சார் என்றேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. பிறகு என் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டார்.

ஒன்றரை வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி நன்றாக விற்றது. அந்த வரியை நான் மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

குறுவை நடவு சமயத்தில் ஒரு நாள் சர்வீஸ் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்தது. வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் கோவிந்தராசு என்ற விவசாயி, தண்ணீர் ஒழுகிய பம்பை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மோட்டார் ஓடிவிட்டது. கையில் சுற்றியிருந்த துண்டு மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் மாட்டி, கையை உள்ளே இழுத்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. காரணம் என்ற இடத்தில், ‘குவைத்தில் உள்ள மகன் தவறுதலாகப் போன் செய்து மோட்டாரை இயக்கிவிட்டார்’ என்று எழுதியிருந்தது. மகனே அப்படி ஒப்புக்கொண்டாராம்.

படித்ததும் எனக்கு அந்தப் ‘பொருந்தாது’ வரி ஞாபகம் வந்தது. ஜமால் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். நாளைக்குக் காலையில் போகலாம் என்று மட்டும் சொன்னார். சந்தானம் எங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டார்: பார்த்துவிட்டு வாருங்கள், குடும்பத்தாரிடம் எதையும் சொல்ல வேண்டாம்.

ஜீப்பில் போனோம். சாலைக்கு இருபுறமும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மகன் உண்மையிலேயே தவறிப் போன் செய்திருக்க வேண்டும் என்று நான் வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனேன். எவனோ ஒருவன் தன் அப்பாவின் விரல்களைத் தானே எடுத்தவனாக இருக்க வேண்டும் என்று ஒரு மனுஷி வேண்டிக்கொள்ள முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கோவிந்தராசு கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார். தன் வலியைப் பற்றிப் பேசவில்லை. மகன் செல்வத்தைப் பற்றித்தான் பேசினார். அன்று காலை மோட்டாரைப் போடச் செல்வத்திடம் சொன்னாராம். முதல் போன் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் செல்வம் குவைத்திலிருந்து இரண்டு தடவை பெட்டிக்குப் போன் போட்டிருக்கிறான். மோட்டார் ஓடியிருக்கிறது. அரை மணி கழித்துப் பம்பு ஒழுகுவதைப் பார்த்து இவர் பெட்டியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தியிருக்கிறார். தான் போட்ட இரண்டாவது போன் தாமதமாகப் போய்ச் சேர்ந்துதான் மோட்டார் மறுபடியும் ஓடியது என்று செல்வம் நம்பிவிட்டான்.

மருமகள் மாலதி கதவோரம் நின்றிருந்தாள்.

“அவங்க சரியா சாப்புடுறதே இல்லீங்கக்கா. அப்பா கைய நான்தான் எடுத்தேன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்காங்க. வேலைய விட்டுட்டு வரேங்குறாங்க.”

பம்பு செட்டுக்குப் போனோம். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. ஒயரைத்தான் முதலில் பார்த்தேன். சுவரில் இருந்த ஓட்டை வழியாக வெளியே போய், பக்கத்து வயல்காரரின் மோட்டார்க் கேபிளோடு சேர்த்து சைக்கிள் டியூப் துண்டுகளால் கட்டப்பட்டு, வரப்போரமாகவே கடைசிக் கொல்லை வரைக்கும் போயிருந்தது. நடந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு எட்டு.

ஜமால் சார் ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். மோட்டார் ஒயர்களைக் கழற்றி ஓரமாகக் கட்டி வைத்தார். அவற்றின் இடத்தில் ஒரு குண்டு பல்பை மாட்டினார். இனி பெட்டி மோட்டாரை ஓட்ட நினைத்தால் பல்பு மட்டும்தான் எரியும். அதன் பிறகே ஃபியூஸ் கட்டைகளைத் திரும்பச் செருகினார். மாலதியைக் கூப்பிட்டு, செல்வத்துக்குப் போன் செய்து இன்று மதியம் வரை பெட்டி எண்ணைத் தொட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். போனில் பெட்டியை ஒரு தடவை ஓட விட்டோம். பல்பு எரிந்தது. கோவிந்தராசு செய்தது போலவே சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பல்பு அணைந்தது.

பக்கத்து வயல்காரரிடம் அவர் மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்தச் சொன்னோம். ஒன்று, இரண்டு என்று நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்து தடவை. ஒன்றுமில்லை. இருபது. ஒன்றுமில்லை. எனக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

இருபத்தாறாவது தடவை அவர் நிறுத்தியபோது, பெட்டியின் முகப்பில் இருந்த பச்சைப் புள்ளி ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தது. கண் சிமிட்டியது போலத்தான் இருந்தது. மூளை மயங்கி விழுந்து எழுந்த மாதிரி அந்தப் பெட்டி தன்னை முதலிலிருந்து தொடங்கிக்கொண்டது. சிவப்புப் பொத்தானை யாரோ அழுத்தியது அதற்கு ஞாபகம் இல்லை. போனில் ஓடச் சொன்னது மட்டும் அதன் நினைவில் பதிந்திருந்தது. கரண்ட் போய் வந்திருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டது.

“ரெண்டு நிமிஷம் பாப்போம்” என்றார் ஜமால் சார். கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு நிமிடத்தைப் போல ஒரு நேரத்தை நான் வாழ்ந்ததில்லை. யாரும் எதையும் தொடவில்லை. கப்ளிங்கில் இன்னும் காய்ந்த கறை இருந்தது. எரியக் கூடாது, எரியக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். பல்பு எரிந்தது.

மாலதி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் போன் பண்ணலியே” என்றாள்.

ஜமால் சார் பல்பிலிருந்து கண்ணை எடுத்தார். என்னைப் பார்த்தார். சந்தானம் சொல்லியனுப்பியது இருவருக்கும் ஞாபகம் இருந்தது. வேலை போகும், வழக்கு வரும், போலீஸ் வரும் என்று எல்லாம் ஒரே சமயத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

“யாரும் பண்ணலம்மா” என்றேன். “உங்க வீட்டுக்காரர் பண்ணல. பெட்டி தானாவே போட்டுக்கிச்சு. இந்த ஒயருக்குச் சோதனை வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.”

“நானும்தான்” என்றார் ஜமால் சார்.

அவள் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டு என்னிடம் நீட்டினாள். அவனிடமும் அதையே சொன்னேன். உறுதியாகச் சொல்கிறீர்களா என்று கேட்டான். என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவன் அழுவது கேட்டது. மாலதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவன் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

“அப்ப இந்தப் பெட்டி இன்னும் எத்தனை பேர் வயல்ல இருக்குங்க மேடம்?”

அதுவரைக்கும் என் கையெழுத்தை மட்டுமே நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவன் கேட்ட பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பம்பு செட்டுகள். அங்கங்கே மோட்டார்கள் ஓடும் சத்தம். ஏதோ ஒரு கொட்டகையில் இதே நேரம் யாரோ ஒருவர் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பம்புக்குள் கையை விடுகிறார் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வழியிலேயே ஜீப்பை நிறுத்தி, அதன் முன்பக்கத் தகட்டில் தாளை வைத்து ஜமால் சார் கடிதம் எழுதினார். விற்ற பெட்டிகள் அனைத்தையும் நிறுத்த வேண்டும், கப்பலுக்குப் போகவிருந்த சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினார். சந்தானம் அதைப் படித்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பம்பைத் தொட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறதே என்று ஆரம்பித்தார். நான் ஐம்பத்திரண்டு எட்டு என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. மறுநாளிலிருந்து வியாபாரிகள் பட்டியலை வைத்துக்கொண்டு அவரே ஒவ்வொருவராகப் போன் செய்தார்.

முதல் வேலையாக, பெட்டிகளுக்குச் செய்தி அனுப்பி, தானாக ஓடும் வசதியை அணைக்கச் சொன்னோம். செய்தி போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வரும். பதில் வராத பெட்டிகளுக்கு ஆள் போக வேண்டும். மூன்று வாரம் அப்படியே போனது. என் மேசையில் தொலைபேசி ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் யாருக்குக் கை போயிற்றோ என்றுதான் எடுப்பேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். இன்னொரு விபத்து நடக்கவில்லை. அது எங்கள் திறமை இல்லை.

திரும்பி வந்த பெட்டிகளில் நிரலை மாற்றினார்கள். ஒயர் நுழையும் இடத்தில் அந்த அதிர்ச்சியை வடிகட்டும் பாகத்தைச் சேர்த்தார்கள். நூறு மீட்டர் ஒயரைத் தரையெல்லாம் சுற்றிப் போட்டு, மூன்று நாள் நானே அந்தச் சோதனையைச் செய்தேன். பிறகு என்னைக் கையெழுத்துப் பொறுப்பிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஒன்றேகால் வருடம் அங்கே அட்டைப் பெட்டி எண்ணினேன். அதை அநியாயம் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. ஜமால் சார் அந்த வருடமே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். போகும் அன்று, கோவிந்தராசுவின் மகனிடம் முதலில் பேசியது நீங்கள்தான், எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை என்று சுவரைப் பார்த்தே சொன்னார். செல்வம் வேலையை விடவில்லை. கோவிந்தராசு இப்போது இடது கையால் சாப்பிடுகிறார். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை போகக் கால் வரவில்லை.

கடைசிக் கணக்கில் ஏழு பெட்டிகள் கிடைக்கவில்லை. சிம் மாற்றியிருக்கலாம், கை மாறியிருக்கலாம், பழைய இரும்புக்குப் போயிருக்கலாம். கம்பெனி தேடுவதை நிறுத்தியது. அந்த ஏழு பெட்டிகளில் அச்சிட்ட வரிசை எண்களை நான் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் கோடையில் தெருப் பெண்களோடு வேனில் வேளாங்கண்ணி போனேன். திருவாரூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். கடைக்குப் பின்னால் ஒரு பம்பு செட்டு ஓடிக்கொண்டிருந்தது. திறந்திருந்த கதவு வழியாக, சுவரில் எங்கள் கம்பெனியின் வெளிர் நீலப் பெட்டி தெரிந்தது. பார்க்காமல் வேனில் ஏறிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியதை மறைக்க மாட்டேன். கிட்டப் போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணைப் படித்தேன். தாளை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒயர் வெளியே வாய்க்கால் வரைக்கும் போயிருந்தது.

நிலத்துக்காரப் பெண்மணி நாற்றங்காலில் இருந்தார். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். நான் யாரென்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய சாமான் கடையில் வாங்கினாராம். அவர் மெயினை அணைத்ததும் நான் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கினேன். பிறகு அவர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். போன வாரம்கூட மோட்டார் ஒரு தடவை தானாக ஓடியது, மகன்தான் போட்டிருப்பான் என்று நினைத்தேன் என்றார்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். வேனை அனுப்பிவிட்டு, சர்வீஸ் ஆள் வந்து பெட்டியைக் கழற்றும் வரை அந்தக் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு தாளை எடுத்து அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்தேன்.

இன்னும் ஆறு இருக்கின்றன.